கொல்லைப் பாத்தி

கீரையை முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் நறுக்க வேண்டும். எங்கள் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். முப்பத்தோரு வருடம் விவசாய விரிவாக்க அலுவலராக இருந்து, பெண்களைக் கூட்டங்கூட்டமாக உட்காரவைத்து இதைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் நறுக்கிவிட்டுத்தான் கழுவினார்கள். இந்த ஜனங்களோடுதான் நான் காலம் தள்ளினேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

தேநீருக்கு நன்றி. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகவே சொல்கிறேன். என் பெயர் க்வாசி அசுபொந்தெங், வயது அறுபத்து மூன்று. எங்கள் ஊர் ஓபோக்ரோமில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். அக்ரிக் என்று கேளுங்கள், நண்டு சிண்டுகூட வீட்டைக் காட்டும். விவசாய இலாகாக்காரனுக்கு எங்கள் பக்கத்தில் வைத்த பெயர் அது. நான் ஓய்வு பெற்றேன், பெயர் ஓய்வு பெறவில்லை.

உங்களுக்குத் தெரியவேண்டியது மண்ணைப் பற்றித்தானே? ஓடைக்கரைத் தாழ்நிலத்தில் அறுபது குடும்பங்கள் கீரை போடுகின்றன. எல்லாம் பெண்கள். குமாசி நகரச் சந்தைக்குப் போகும் சேம்பிலையில் ஒரு நல்ல பங்கு அங்கிருந்து போவது. நான் வந்த காலத்தில் அந்த மண் செத்துக் கிடந்தது. வெள்ளை உரத்தைக் கொட்டிக் கொட்டி உப்பு பூத்துப்போயிருந்தது. உரக்கடைக்காரர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் எழுந்து நின்று, இந்த விஷத்தை நிறுத்துங்கள் என்று சொன்னேன். அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தான்.

மாற்று என் கண்ணெதிரிலேயே இருந்தது. நகரத்துக் குப்பையை முப்பது வருடம் கொட்டி, பிறகு கைவிட்ட பழைய போலா, அதாவது குப்பைமேடு. அதன் உச்சியில் யாரும் நடாத வாழை தானாக முளைத்து, யானைக் கால் பருமனில் நின்றது. அந்தக் கறுப்பு மண்ணை வெட்டி எடுத்து, கோழி எருவும் கோக்கோ ஓடும் மரத்தூளும் கலந்து, ஈரம் காட்டி, மூன்று முறை புரட்டி ஆறவைத்தேன். மூட்டை கட்டி ‘உயிர் மண்’ என்று பெயர் வைத்தேன். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு கை அள்ளினால் நான்கு மண்புழு நெளியும். புழு இருக்கிற மண்ணில் கெடுதல் இருக்காது என்று எங்கள் பெண்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அது நான் கற்றுக்கொடுத்த நம்பிக்கைதான்.

மேட்டின் மேற்கு மூலையில் ஒரு காலத்தில் பழைய கார் பேட்டரி உடைப்பவர்கள் இருந்தார்கள். அமிலத்தை அங்கேயே கவிழ்ப்பார்கள், உள்ளே இருக்கும் தகட்டை அங்கேயே சட்டியில் உருக்குவார்கள். நான் மண் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டார்கள். சலிக்கும்போது சாம்பல் நிறத் தகட்டுத் துண்டுகள் சல்லடையில் தங்கும். ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்தேன். என்னளவுக்குப் பொறுமையாகச் சலித்தவர்கள் இந்த வட்டாரத்தில் யாருமில்லை.

விளைச்சலைப் பற்றி நான் சொல்லக் கூடாது, ஊர் சொல்லும். இரண்டே போகத்தில் இலை முறத்தளவு விரிந்தது. உழவர் நாளன்று மாவட்டத்தின் சிறந்த விவசாய அலுவலர் என்று என்னை மேடையேற்றி, ஒரு வெட்டுக்கத்தி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் ஒரு இயந்திரம் கொடுத்தார்கள். மருந்தே அடிக்காதே என்று சொன்னவனுக்கு மருந்தடிக்கும் இயந்திரம். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று இருந்ததில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

கொனாடுவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள்தான் முதலில் என் பேச்சை நம்பி வெள்ளை உரத்தை விட்டவள். வாய் நீளம், மனசு வெள்ளை. ஒரு நாள் வயலில் இலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்ரிக்கு, இத மழைக்குக் குடையாப் பிடிக்கலாம் போலருக்கே.”

“பிடிச்சுக்க. நனைஞ்சா எங்கிட்ட வராத.”

“ஒங்க மண்ணுல எம் புருஷன நட்டு வெச்சா அவனாவது நாலு காசு காய்ப்பானா?”

“அவனுக்கு மண்ணு போதாது, மந்திரம் வேணும்.”

பாத்தி முழுக்கச் சிரித்தது. இப்படித்தான் இருந்தோம். அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியது. நான்கு மாதமானதும் என்னிடம் வந்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, “இதையாவது காப்பாத்திரணும் அக்ரிக்கு” என்றாள். என்னிடம் ஏன் சொன்னாள் என்றால், ஊரில் எது வளர வேண்டுமென்றாலும் என்னிடம்தான் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ரத்தம் குறைந்தால் மருந்து ஒன்றுதான். கொன்டொமிரே, அதாவது சேம்பின் இளந்தழை. செம்பனை எண்ணெய் விட்டு, புகைமீன் போட்டு, மசியக் கடைந்து தின்னச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொல்வார்கள். நர்ஸ் டொர்காஸ் இரும்பு மாத்திரை கொடுக்கும் முன்பே இலையைப் பற்றிக் கேட்பாள். செவ்வாய்க்கிழமை தோறும் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள். அன்றைக்கு உயிர் மண்ணில் விளைந்த இலையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இலவசமாகக் கொடுத்தேன். கொசுறாக ஒரு கைப்பிடி கூடவே வைப்பேன். ஆறு வருடம், ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

ஒரு செவ்வாயன்று டொர்காஸ் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“ரத்தம் எட்டுக்கு மேல ஏறவே மாட்டேங்குது, கொனாடு. எல திங்கறியா இல்லியா?”

“மூணு வேளையும் அதான் நர்ஸம்மா. வீட்ல என்ன ஆடுன்னே கூப்புடறாரு.”

“அப்ப நாலாவது வேளையும் தின்னு. அக்ரிக் ஐயா, இவளுக்கு ரெண்டு கட்டாக் குடுங்க.”

கொடுத்தேன்.

செலாசி வந்தது அந்த மாதம்தான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. கடற்கரைப் பக்கத்து எவே ஜனத்துப் பெண், ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பாள். இயற்கை உரத்தில் விளைந்த கீரை எவ்வளவு நல்லது என்று எழுதத்தான் வந்தாள், பாவம். பன்னிரண்டு பாத்தியிலிருந்து மண்ணையும் இலையையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்துக் கடிதத்தை அவளே கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஐயா, இதுல ஈயம் இருக்கு. காட்மியமும் இருக்கு. இருக்கலாம்னு சொல்ற அளவுக்கு மேல பல மடங்கு.”

“மண்ணுலயா, எலயிலயா?”

“ரெண்டுலயும். எலயக் கழுவிட்டும் பாத்துட்டேன். அப்பவும் இருக்கு.”

“அதத் தின்னா என்னாகும்?”

“ரத்தம் ஊற விடாது ஐயா. வயித்துப் பிள்ளைக்கும் போயிரும். சின்னப் பிள்ளைங்க மூளைக்கு ரொம்பக் கெடுதல்.”

“வேற யார்கிட்ட சொன்ன?”

“மொதல்ல ஒங்ககிட்டதான். இந்த ஊர்ல மண்ணத் தெரிஞ்சவரு நீங்கதானே.”

அது எனக்கு மனதைத் தொட்டது. மரியாதை தெரிந்த பெண். இங்கே ஒரு வரியைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள், இன்ஸ்பெக்டர். அந்தக் கடிதம் என் கைக்கு வரும்வரை எனக்கு எதுவும் தெரியாது. நான் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவனில்லை, புழுவையும் இலையையும் பார்த்து மண்ணை மதிப்பிடுகிறவன்.

அவளிடம் நிதானமாகப் பேசினேன். முதல் முறை எடுத்தது தவறாக இருக்கலாம், பை சுத்தமாக இருந்திருக்காது, ஒரு ஊரின் வயிற்றுப்பாட்டில் கைவைக்கும் முன் இன்னொரு முறை பார்ப்பதுதான் முறை என்றேன். ஒத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு மலேரியாக் காய்ச்சல், நிற்கவே தள்ளாடினாள். வெயிலில் அலையாதே, பன்னிரண்டு பாத்தியிலும் நானே எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். பன்னிரண்டு பை மண், பன்னிரண்டு பை இலை. ஒவ்வொன்றிலும் பாத்தி எண்ணை என் கையாலேயே எழுதி, கடிதம் வந்த பதினாறாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்ணும் இலையும் என் வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரே பாத்தியிலிருந்து எடுத்தவை.

முடிவு சுத்தமாக வந்தது. அதில் ஆச்சரியமில்லை, அது சுத்தமான மண். அந்தத் தாளில் ஒரு பொய்யும் கிடையாது. அதைச் சட்டம் போட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினேன். செலாசியைத்தான் அவளுடைய பேராசிரியர் நாலு பேர் முன்னால் வைத்து, ஒரு பை மண் ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லையா என்று கேட்டாராம். ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தையே கிழித்துப் போட்டுவிட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவளுக்கு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

கடிதத்தை ஏன் ஊரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறுபது குடும்பத்து இலையைச் சந்தையில் நாய்கூட மோந்து பார்க்காது. உரக்கடைக்காரர்கள் ஏற்கெனவே எனக்குப் போலாப் புரொஃபசர் என்று பெயர் வைத்திருந்தார்கள், குப்பைக்குப் பேராசிரியர். நான் கடைத்தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் கைதட்டுவார்கள். வெள்ளை மூட்டை வாங்க எங்கள் பெண்கள் மறுபடியும் அந்தக் கடை வாசலில் வரிசை கட்டி நிற்பதையும், கடைக்காரன் அவர்கள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரிப்பதையும் நினைத்தேன். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. மற்றதெல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் தோன்றியது.

கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடலாம் என்று எண்ணம். அடுத்த மழைக்குப் பிறகு, அதற்கடுத்த மழைக்குப் பிறகு. மழை வந்தது, போனது. அதற்குள் செவ்வாய்க்கிழமையும் வந்துகொண்டே இருந்தது. கடிதம் வந்த வாரமே திடீரென்று இலைக்கட்டை நிறுத்தியிருந்தால் டொர்காஸ் காரணம் கேட்டிருப்பாள். அதனால் நிறுத்தவில்லை. கொனாடுவுக்கு இரண்டு கட்டு என்று பழகிவிட்டது, அதையும் குறைக்கவில்லை. ஒரே ஒரு முறை, “தெகட்டுனா விட்டுரு, கட்டாயமில்ல” என்று அவளிடம் சொன்னேன். “நீங்க குடுத்து நான் வேணாம்பேனா?” என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்?

குழந்தை பிறந்தது. பெண். அடோமா என்று பெயர். பெயர் வைக்கும் எட்டாம் நாள் விடியலில், ஊரில் நேர்மையானவர் என்று பெயரெடுத்த ஒருவர் மடியில் பிள்ளையைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தண்ணீரைத் தண்ணீர் என்று சொல் என்பார். ஒரு சொட்டுச் சாராயம் விட்டு, சாராயத்தைச் சாராயம் என்று சொல் என்பார். உள்ளதை உள்ளபடி பேசும் பிள்ளையாக வளரட்டும் என்பது கருத்து. கொனாடு என்னைத்தான் கூப்பிட்டாள். செய்தேன். சாராயம் பட்டதும் பிள்ளை முகத்தைச் சுருக்கியது, எல்லாரும் சிரித்தார்கள்.

அடோமா தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லவே இல்லை. இரண்டு வயதில் பேச்சு வரவில்லை. வரும், சிலது தாமதமாகப் பேசும் என்றார்கள். மூன்று வயதிலும் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும். உதடு வெளுத்துவிட்டது. டொர்காஸ் விரலில் குத்திப் பார்த்து, ரத்தமே இல்லை, இலையை நன்றாக மசித்து ஊட்டு என்றாள். கொனாடு வழக்கம்போல என் வாசலுக்கு வந்தாள். இளந்தழையாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து நடக்கும், அதற்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அதைப் பிடிக்கும், இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மூன்றரை வயதில், ஒரு சந்தை நாள் காலையில், தாயின் இலைக்கூடைப் பக்கத்திலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்து உயிர் போய்விட்டது. சுற்றியிருந்த பெண்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்களாம்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவுக்கு வந்தவர்கள், கொடுத்தவர்கள் எல்லார் வீட்டுக்கும் பிற்பாடு போய் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். எவ்வளவு துக்கமானாலும் அதைத் தவறவிட மாட்டார்கள். சவப்பெட்டி நான்தான் செய்து கொடுத்தேன். அதனால் கொனாடு முதலில் என் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது போலாவில் மண் சலித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் பேத்தி மான்சா மட்டும்தான். ஏழு வயது, வாயாடி. அவளுடைய தாய், என் மகள், தலைநகரில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தையாக என்னிடம் விட்டுப் போனவளை நான்தான் வளர்க்கிறேன். பள்ளியில் கணக்கில் அவள்தான் முதல்.

மான்சா கொல்லையில் சமையலுக்கு இலை பறித்துக்கொண்டிருந்தாள். கொனாடு பாத்தியைப் பார்த்திருக்கிறாள். ஓடையின் மேல்கரையிலிருந்து நான் கூடை கூடையாகச் சுமந்துவந்து போட்ட செம்மண். அதில் இலை உள்ளங்கை அகலத்துக்கு மேல் வராது. கீரைக்காரி இல்லையா, கேட்டிருக்கிறாள்.

“என்னடி கண்ணு, ஒங்க தாத்தா வீட்டு எல இப்பிடிச் சூம்பிக் கெடக்கு?”

“இது இப்பிடித்தான் வரும் அத்த. மூட்ட மண்ண இங்க போட வுட மாட்டாரு தாத்தா. அங்கருந்து வந்தா பூட்ஸக்கூட வாசல்லயே கழட்டிட்டு, கையக் கழுவிட்டுத்தான் என்னத் தொடுவாரு.”

“ஏனாம்?”

“அது விக்கிற எல. இது நாங்க திங்கிற எல.”

நான் வீடு திரும்பியபோது கொனாடு பாத்தி ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மான்சா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருந்தாள், தொடாமல் இருந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“நன்றி சொல்ல வந்தேன், அக்ரிக்கு.”

“அதுக்கென்னம்மா. உள்ள வா.”

“ஊருக்குத்தான் உபதேசமா?”

அவள் கையை நீட்டி ஒரு இலையைக் கிள்ளித் துணி முனையில் முடிந்துகொண்டாள். “எம்பிள்ளைக்கு இந்த எலயில ஒண்ணு குடுத்திருக்கலாமே” என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். பிறகு எழுந்து டொர்காஸிடம் போனாள். சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றி, அதில் இருந்த கையெழுத்தைப் பிடித்து, எங்கோ வாத்தியாராக இருந்த செலாசியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். டாக்டர்கள் வந்து நாற்பத்து மூன்று பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆக, மண்ணை மாற்றிக் கொடுத்தது நான். கடிதத்தை மறைத்தது நான். தெரிந்த பிறகும் மூன்றரை வருடத்துக்கு மேல் இலை கொடுத்தது நான். மறுக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள்.

நீங்கள் பேனாவைத் தராமல் யோசிக்கிறீர்கள். தேதியைத்தானே? கடிதத்தைப் பார்த்துத்தான் விஷயமே தெரியும் என்கிறாய், ஆனால் பதினாறே நாளில் கொடுக்கும்படி சுத்தமான மண்ணும் அதில் விளைந்த இலையும் உன் கொல்லையில் எப்படித் தயாராக இருந்தன என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பாத்தி கடிதத்துக்கு இரண்டரை வருடம் முந்தியது. மான்சாவுக்கு ஆறு மாதம் முடிந்து, முதல் கவளம் ஊட்டப் போகிற வாரம் நான் கட்டிய பாத்தி அது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்போது எனக்கு எதுவும் தெரியாது என்றுதான் முன்பே சொன்னேனே. குழந்தை விஷயத்தில் யாராக இருந்தாலும் கொஞ்சம் கூடுதல் கவனமாகத்தான் இருப்பார்கள்.